மிதிவண்டி டிஸ்க் பிரேக்கும் கீச்சொலியும்

சக்கரத்தின் நடுவே பொருத்தப்பட்ட உலோகத் தகட்டை இருபுறமும் 'பேட்' எனும் உராய்வுத் துண்டுகளால் கவ்வி வண்டியை நிறுத்தும் அமைப்பு டிஸ்க் பிரேக் எனப்படும். கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் மாணவர்கள் ஓட்டும் கியர் சைக்கிள்களிலும் இது இன்று காணப்படுகிறது. பிரேக் பிடித்ததும் எழும் கீச்சொலியே இதைப் பற்றி அடிக்கடி கூறப்படும் குறை. இக்குறை டிஸ்க் பிரேக்குடன் சேர்ந்தே பிறந்தது.

தோற்றம்

இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த பொறியாளர் பிரடெரிக் லான்செஸ்டர் 1902இல் மோட்டார் வண்டிக்கான டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் தகட்டைக் கவ்வச் செம்பைப் பயன்படுத்தினார். உலோகத்தோடு உலோகம் உரசியதால் பெரும் கிறீச்சொலி எழுந்தது. செம்பும் விரைவில் தேய்ந்தது. 1907இல் ஹெர்பர்ட் ஃப்ரூட் கல்நார் கலந்த உராய்வுப் பொருளைக் கொண்டு இதற்குத் தீர்வு கண்டார். கல்நார்த் தூசு புற்றுநோய் உண்டாக்கும் என்று பின்னர் அறியப்பட்டதால், இன்று பிசின் கலந்த பேடுகளும் உலோகத்தூளை அழுத்திச் சுட்ட பேடுகளும் பயன்படுகின்றன.

1953இல் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றபின் இம்முறை புகழ்பெற்றது.

மிதிவண்டிக்கு வந்த வழி

தமிழ்நாட்டில் நெடுங்காலம் ஓடியவை கம்பி பிரேக் வண்டிகள். சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டி இதற்கு எடுத்துக்காட்டு. கைப்பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் ரப்பர்க் கட்டையை இழுத்து ரிம்மில் அழுத்தும். முலாம் பூசிய எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிடி வெகுவாகக் குறையும். டிஸ்க் பிரேக்கின் தகடு சேற்றுக்கும் தண்ணீருக்கும் எட்ட, சக்கரத்தின் நடுவில் இருப்பதால் இக்குறை பெரிதும் நீங்கியது. 1970களில் மிதிவண்டிக்கான டிஸ்க் பிரேக்குகள் வெளிவந்தன; 1990களில் மலைச் சைக்கிள்களில் பரவின. 2018இல் சாலைப் பந்தயங்களிலும் முழு அனுமதி கிடைத்தது.

ஒலியின் காரணம்

பேட் தகட்டில் ஒரு கணம் ஒட்டி, மறுகணம் வழுக்கும். இது நொடிக்குப் பலமுறை நிகழும்போது தகடு அதிர்ந்து ஒலிக்கிறது. வயலின் வில் தந்தியை ஒலிக்கச் செய்வதும் இவ்வாறே. எண்ணெய்ப் பிசுக்கு, காலிப்பரின் கோணல், தளர்ந்த திருகு, வளைந்த தகடு, தேய்ந்த பேட் ஆகியவை இவ்வதிர்வைத் தூண்டும். மழையில் நனைந்ததால் வரும் ஒலி, தகடு காய்ந்ததும் தானே நின்றுவிடும்.

கடலோர ஊர்களில்

கடலூர்ப் பகுதியின் உப்புக்காற்றில் சங்கிலி விரைவில் துருப்பிடிப்பதால் அடிக்கடி எண்ணெய் இட நேர்கிறது. தெளிப்பான் கொண்டு அடிக்கும்போது துளிகள் பின்சக்கரத் தகட்டிலும் படியும், கீச்சொலி தொடங்கும். "எது கத்தினாலும் இரண்டு சொட்டு எண்ணெய் விடு" என்பது பழைய சைக்கிள் வழக்கம். அச்சுக்கும் சங்கிலிக்கும் அது பொருந்தும். டிஸ்க் பிரேக்குக்கு எண்ணெய் விட்டால் ஒலி அடங்கினாலும் பிரேக்கே பிடிக்காமல் போகும். நெரிசலான சாலையில் அது உயிருக்கே ஆபத்து.

சரிசெய்யும் முறை

1. தகட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த தூய துணியால் துடைக்க வேண்டும். துடைத்தபின் விரல் படக்கூடாது.
2. பேடின் மேற்பரப்பு பளபளத்தால் உப்புத்தாளில் மெல்லத் தேய்க்கலாம். எண்ணெய் ஊறிய பேடையும், உராய்வுப் பொருள் அரை மில்லிமீட்டராகத் தேய்ந்த பேடையும் மாற்றிவிட வேண்டும்.
3. காலிப்பரின் இரு திருகுகளையும் சற்றுத் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே மாறிமாறி இறுக்கினால் காலிப்பர் தகட்டுக்கு நேராக அமையும்.
4. புதிய பேடானால், வெறிச்சோடிய இடத்தில் மிதமான வேகத்தில் ஓட்டி, முழுதும் நிற்காமல், நடக்கும் வேகம்வரை சீராக வேகம் குறைப்பதை இருபது முறை செய்ய வேண்டும். இதனால் பேடின் மெல்லிய படலம் தகட்டில் சமமாகப் படிந்து, பிடியும் கூடும்.
5. சங்கிலிக்கு எண்ணெய் இடும்போது ஒவ்வொரு கண்ணியாகச் சொட்டுவிட்டு, மிகுதியைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் ஒலி நிற்காவிட்டால் தகடு வளைந்திருக்கலாம். சைக்கிள் கடையில் காட்டிச் சரிபார்ப்பதே பாதுகாப்பு.