ராயப்பரும் திருவிழா முடிந்த மறுவாரமும்

எங்கள் ராயபுரம் பக்கம் கோயில் திருவிழா என்றால் பத்து நாளும் தெருவே வேறு மாதிரி ஆகிவிடும். கொடியேற்றம், நவநாள், தினமும் ஒரு வெளியூர் சாமியாரின் பிரசங்கம், கடைசியில் தேர். சபைக்காரர்களுக்கு எழுப்புதல் கூட்டம், உபவாச ஜெபம், மூன்று நாள் கன்வென்ஷன். பெயர்தான் வேறு, அனுபவம் ஒன்றுதான். நெஞ்சு நிறைந்து, கண் கலங்கி, இனிமேல் வாழ்க்கையே மாறிவிட்டது என்று தோன்றும்.

அதற்கு அடுத்த வாரத்தைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை. சீரியல் பல்பைக் கழற்றியாயிற்று, சொந்தக்காரர்கள் ஊருக்குப் போயாயிற்று. ஜெபம் செய்ய உட்கார்ந்தால் வாய் மட்டும் அசைகிறது, உள்ளே ஒன்றுமில்லை. "அன்றைக்கு அழுதது பொய்யா? இன்றைக்கு வறண்டு கிடப்பது பாவமா?" என்று மனசு கேட்கிறது.

துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இது நடந்தது. எண்பதுகளில் ஒரு பெரிய கூட்டத்துக்குப் போய்வந்தார். முகமே பளிச்சென்று இருந்தது. குடியை விட்டார், கடனை அடைத்தார், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு வேதம் வாசித்துக் காட்டினார். இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வருவது குறைந்தது. வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "விசுவாசம் குறைஞ்சு போச்சு." சோர்வை அவர் தாங்கியிருப்பார். அந்த வார்த்தையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதன் பிறகு எந்தக் கோயில் வாசலையும் அவர் மிதிக்கவில்லை.

அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் நம் ஊரின் பெயரிலேயே இருக்கிறது என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது.

ராயப்பர் என்பது புனித பேதுருவுக்குப் பழைய தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பெயர். அந்தப் பெயரிலிருந்து ராயபுரம் வந்தது என்பது இங்கே வழக்கு. ராயப்பர் கோயிலை 1829-இல் கட்டி முடித்தவர்கள் படகுக்காரர்கள். துறைமுகச் சுவர் இல்லாத அந்தக் காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது அவர்களுடைய மசூலா படகுகள்தான். கடல்காரர்கள் ஒரு கடல்காரரையே பாதுகாவலராக வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பாதுகாவலரின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஏசுவை மெசியா என்று மற்றவர்களுக்கு முந்திக்கொண்டு அறிக்கையிட்டவர் ராயப்பர். அந்தப் பாராட்டின் சூடு ஆறுவதற்குள், சாத்தான் என்று அதட்டும் வாங்கினார். மலைமேல் ஆண்டவர் ஒளிமயமாக நின்றதைக் கண்டு, இங்கேயே கூடாரம் போட்டுத் தங்கிவிடலாம் என்றார். தங்க முடியவில்லை, இறங்கத்தான் வேண்டியிருந்தது. கடைசி இராவுணவில் உயிரையே கொடுப்பேன் என்று சத்தியம் செய்தார். விடிவதற்குள், கரிநெருப்பின் பக்கத்தில் குளிர்காய்ந்தபடி, அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று தடவை சொன்னார். உயரே போவதும் தடாலென்று விழுவதும் அவர் வாழ்க்கை முழுக்க இருக்கிறது. அவரைத்தான் திருச்சபை பாறை என்கிறது.

நம் பட்டணத்துக்கே வந்து இந்தச் சோர்வை அனுபவித்த இன்னொருவர் சவேரியார். தூத்துக்குடிக் கரையில் பரதவர்கள் 1535 முதல் 1537 வரை கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. 1542-இல் சவேரியார் வந்தார். 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோவதையும், ஜெபங்களைச் சொல்லிச் சொல்லிக் குரல் போய்விடுவதையும் சொல்கிறார். சந்தோஷமான சோர்வு அது.

அதே வருடம் ஜூனில் படகர் என்று அந்தக் கடிதங்கள் சொல்லும் வடக்கத்திப் படைகள் கரையூர்களைச் சூறையாடின. ஜனங்கள் கன்னியாகுமரிப் பக்கத்துப் பாறைகளுக்கு ஓடிப் பசியோடும் தாகத்தோடும் கிடந்தார்கள். மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு கொண்டுபோகப் பார்த்தார் சவேரியார். எதிர்க்காற்று விடவில்லை. வருடக் கடைசியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம். அந்த மகிழ்ச்சியோடு கூடவே, மன்னாரில் புதிதாக வேதத்தில் சேர்ந்தவர்களை யாழ்ப்பாண அரசன் கொன்றான் என்ற செய்தி. இதற்கு நடுவே, போர்த்துக்கீசிய அதிகாரிகளே ஏழை ஜனங்களை வாட்டியதைப் பார்த்து நொந்துபோய், உயிர்வாழ்வதே சலித்துவிட்டது என்ற அளவுக்குத் தோழர் மன்சிலாஸுக்குக் கடிதம் எழுதியவர் அவர்.

அந்த மனநிலையில் 1545-இல் அவர் வந்து சேர்ந்த இடம் மயிலாப்பூர். சாந்தோமில் கோயில் குருவின் வீட்டில் தங்கி, ஏறக்குறைய நான்கு மாதம் தோமையார் கல்லறைக்குப் பக்கத்தில் ஜெபம் செய்தார். இராத்திரியில் தனியாக ஜெபிக்கும்போது பேய்கள் அவரை அடித்ததாகவும், இரண்டு நாள் படுத்த படுக்கையாகக் கிடந்ததாகவும் பழைய சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்தூக்கம் இல்லாமல் அல்லாடுகிற மனிதர் ஒருவர் அதில் தெரிகிறார்.

அவர் அங்கே செய்ததும் செய்யாததும்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊரைப் பார்த்துக் கப்பல் ஏறவில்லை. எல்லாம் வீண் என்று அறிவிக்கவும் இல்லை. காத்திருந்தார். மறுபடி மனசில் ஆறுதல் வந்த பிறகுதான் மலாக்காவுக்குப் போவது என்று முடிவெடுத்தார். மே 8-ஆம் தேதி மயிலாப்பூரிலிருந்து கோவாவுக்கு எழுதிய கடிதத்தில் அந்த ஆறுதலையும் முடிவையும் சேர்த்தே சொல்கிறார்.

இதை அவர் யாரிடம் கற்றார் என்றும் தெரியும். பாரீஸில் அவரோடு சேர்ந்து படித்த இஞ்ஞாசியார் தியான முறைகளுக்குச் சில விதிகள் எழுதினார். மனசு வறண்டிருக்கும்போது, தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்பது ஒன்று. ஜெபத்தைக் குறைக்காமல் கொஞ்சம் கூட்டு, பொறுமையாயிரு, ஆறுதல் திரும்பி வரும் என்பது இன்னொன்று. மனசு நிறைந்திருக்கும்போதே வறட்சி வரும் நாளை நினைத்து அதற்கான பலத்தைச் சேர்த்துவை என்பது மூன்றாவது. வறட்சி எல்லாமே நம் குற்றத்தால் வருவதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

காசிமேட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருகுவதற்கான தடைக்காலம் அது. அதற்காக யாரும் படகை உடைத்து விறகாக்குவதில்லை. வலையைப் பிரித்துக் கட்டுகிறார்கள், இன்ஜினைக் கழற்றிப் பார்க்கிறார்கள், பலகைக்கு வர்ணம் அடிக்கிறார்கள். கையில் காசு இருந்த மாதங்களில் இந்த மாதங்களுக்காகச் சேர்த்து வைத்தவள் வீட்டம்மா. இஞ்ஞாசியார் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் வருவது என்றும் சொல்ல முடியாது. பக்கத்து ஒற்றியூரில் சங்கிலியாரைக் கைப்பிடித்து, கொடுத்த சத்தியத்தை மீறி ஊர் எல்லை தாண்டிய சுந்தரர் பார்வையை இழந்த கதை எல்லோருக்கும் தெரியும். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று படிப்படியாகத்தான் திரும்பக் கிடைத்தது. நடப்பதையும் பாடுவதையும் அவர் நடுவில் நிறுத்தவில்லை.

சிலருக்கு வறட்சி சீக்கிரம் விலகாது. அன்னை தெரசா 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் ரயிலில் தெய்வ அழைப்பைக் கேட்டார். 1950-இல் சபை தொடங்கியது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் உள்ளே இருட்டும் தொடங்கியது. 1958-இல் சில வாரம் விலகியதைத் தவிர, 1997-இல் இறக்கும்வரை அது நீடித்ததாக 2007-இல் வெளிவந்த அவருடைய கடிதங்களிலிருந்து உலகம் தெரிந்துகொண்டது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இத்தனை வருட வெறுமையா என்று பலர் திகைத்தார்கள். அறுபதுகளில் நொய்னர் என்ற இயேசு சபைக் குரு அவருக்குச் சொன்ன யோசனை எளிமையானது. இது உன் குற்றம் அல்ல. கடவுள் இல்லையே என்று நீ ஏங்குவதே அவர் உன்னிடம் இருப்பதற்கு அடையாளம். அந்த வார்த்தைக்குப் பிறகு இருட்டு போகவில்லை. ஆனால் அதோடு வாழ அவருக்குப் பிடி கிடைத்தது. என் துறைமுக நண்பருக்குக் கிடைத்த வார்த்தையையும் அன்னைக்குக் கிடைத்த வார்த்தையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருவிழா முடிந்த வெறுமை ஒன்று, மனநோய் வேறு. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் என்று பேச்சு வருகிறது என்றால் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்லையே கேலியாக்கி வைத்தது நம் தலைமுறை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச 14416 என்ற அரசாங்க எண்ணும் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்றால் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் நாம் தினம் விழுங்குவது என்ன?

வேதாகமமே இதில் நம்மைவிட நிதானமாக இருக்கிறது. கார்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பை வரவழைத்த எலியாஸ், மறுநாளே உயிருக்குப் பயந்து ஓடி, ஒரு செடிக்கு அடியில் படுத்துச் சாவைக் கேட்டார். சம்மனசு வந்து திட்டவில்லை. தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தது. மறுபடி தூங்க விட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பாடு கொடுத்தது. பேச்செல்லாம் அதற்கப்புறம்தான்.

ராயப்பருக்கும் அதுதான் நடந்தது. உயிர்த்த ஆண்டவரைப் பார்த்த பிறகும் அவர் மீன் பிடிக்கத்தான் போனார். இராத்திரி முழுக்க ஒன்றும் படவில்லை. விடியற்காலையில் வலை நிறைய 153 பெரிய மீன்கள். கரைக்கு வந்தால் அங்கே கரிநெருப்பு, அதன் மேல் மீன், பக்கத்தில் ரொட்டி. மறுதலித்த இரவிலும் அவர் பக்கத்தில் இருந்தது கரிநெருப்புதான். "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று ஆண்டவர் கேட்கவில்லை. வந்து சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டு முடித்த பிறகுதான், அன்பு செய்கிறாயா என்று மூன்று தடவை கேட்டார்.

அடுத்த திருவிழாவுக்குப் பிறகு உங்கள் தெருவில் யாராவது முகம் வாடிக் கிடந்தால் விசுவாசத்தைப் பற்றி விசாரிக்க வேண்டாம். ஒரு தூக்குவாளியில் சூடாக மீன் குழம்பு எடுத்துக்கொண்டு போய், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.