பஞ்சகாலமும் கடிகாரமும்

ஒரு நாளை எவ்வாறு பகுப்பது என்பது கணக்கு மாத்திரமன்று. ஒரு குலத்தில் பிறந்த பிள்ளை எதனை முக்கியமென்று கொண்டு வளர்கிறது என்பதை அப்பகுப்பே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் அதற்குப் பஞ்சகாலம் என்று பெயர்.

பாஞ்சராத்ர ஸம்ஹிதைகளுள் பழமையானதான ஜயாக்ய ஸம்ஹிதை இந்த ஐந்து காலங்களையும் விவரிக்கிறது. விடியலில் எம்பெருமானை அணுகிச் சேவிப்பது அபிகமநம். அதன்பின் ஆராதநத்துக்கு வேண்டும் த்ரவ்யங்களைத் தேடுவது உபாதாநம். நடுப்பகலில் திருவாராதநம் செய்வது இஜ்யை. பிற்பகலில் சாஸ்த்ரங்களை ஓதுவதும் ஓதுவிப்பதும் ஸ்வாத்யாயம். இரவில் அவன் திருவடிகளைச் சிந்தித்திருப்பது யோகம்.

இவற்றைப் பற்றி ஓர் ஆக்ஷேபம் எழுந்தது. ப்ரபந்நன் தன் ரக்ஷணபாரத்தை எம்பெருமானிடம் ஒப்புவித்துவிட்டவன். பேற்றுக்காக அவன் செய்யவேண்டுவது ஒன்றுமில்லை. அப்படியிருக்க, விடியல் தொடங்கி இரவுவரை இந்த நியமம் அவனுக்கு எதற்கு? கி.பி. 1268இல் அவதரித்த ஸ்வாமி வேதாந்த தேசிகன், பாஞ்சராத்ர ரக்ஷையின் இரண்டாம் அதிகாரமான நித்யாநுஷ்டாந ஸ்தாபநத்தில் இதற்கு ஸமாதாநம் அருளிச்செய்தார். பஞ்சகால அநுஷ்டாநம் ப்ரபந்நனுக்கும் உரியதே. ஆனால் அவனுக்கு அது உபாயமன்று, கைங்கர்யம்.

இந்த வேறுபாடு காலத்தைப் பற்றிய மனப்பாங்கையே மாற்றுவதாகும். உபாயமாகச் செய்பவனுக்கு இன்றைய பொழுது நாளைய பலனுக்கு ஏறும் படி. கைங்கர்யமாகச் செய்பவனுக்கோ இன்றைய பொழுதுதானே பலன்.

இம்மனப்பாங்கு இளமையிலேயே பழக்கத்தால் ஊட்டப்பட்டது. உபநயநமான பிள்ளை கர்மத்தின் தொடக்கத்தில் ஸங்கல்பம் சொல்லக் கற்கிறான். ப்ரஹ்மாவின் ஆயுளில் இரண்டாம் பாதி, 432 கோடி ஆண்டு கொண்ட ச்வேதவராஹ கல்பம், வைவஸ்வத மந்வந்தரம், 28ஆவது கலியுகம் என்று படிப்படியாக இறங்கி, ஸம்வத்ஸரம், அயநம், ருது, மாஸம், பக்ஷம், திதி, வாரம், நக்ஷத்ரம் என்பவற்றில் வந்து நிற்கிறான். அளவிறந்த காலத்தைச் சொல்லும் அந்த வாக்கியம் முடிவது இன்று செய்யப்போகும் ஒரு சிறு கர்மத்திலேயாம். காலத்தின் பெருமையையும் இன்றைய கடமையையும் அவன் ஒரே மூச்சில் கற்றுக்கொள்கிறான்.

பிற்காலத்தில் வேறொரு கணக்கு வந்தது. 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானியலாராய்ச்சிக் கூடம் அமைந்தது. அங்குக் கணிக்கப்பட்ட சென்னை நேரமே பின்னர் ரயில் வண்டிகளுக்கு நேரமாயிற்று. 1906ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல் 82½ பாகை தீர்க்கரேகையைக் கொண்ட பொது நேரம் வழக்குக்கு வந்தது. அந்த ரேகைக்கு மேற்கே உள்ள திருவரங்கத்தில் ஸூர்யன் உச்சிக்கு வருவது, சராசரியாகக் கடிகாரம் 12 மணி காட்டிச் சுமார் 15 நிமிஷம் சென்றபின்பே. உதயம் முதல் எண்ணும் நாழிகைக் கணக்கில் இது அரை நாழிகைக்குச் சற்று அதிகம்.

இந்த அரை நாழிகையால் பெரிய நஷ்டமில்லை. பஞ்சாங்கம் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். நஷ்டம் வேறிடத்தில் நேர்ந்தது. கச்சேரியும் பள்ளிக்கூடமும் நடுப்பகலையும் பிற்பகலையும் தமதாக்கிக்கொண்டன. ஐந்தில் ஒன்றான உபாதாநம் பொருளீட்டலாக விரிந்து, இஜ்யையின் காலத்தையும் ஸ்வாத்யாயத்தின் காலத்தையும் விழுங்கியது. எதற்காகத் தேடுகிறோம் என்பது மறந்து, தேடுவதே நாளாயிற்று. அதில் வளரும் பிள்ளை, இன்று படிப்பது நாளைய உத்யோகத்துக்கு, இன்றைய உத்யோகம் நாளைய ஓய்வுக்கு என்று எப்போதும் வராத பொழுதையே நோக்கி நிற்கப் பழகுகிறான்.

தேசிகனுடைய ஸமாதாநம் இங்கே ஆறுதலும் எச்சரிக்கையும் ஆகிறது. அநுஷ்டாநம் உபாயமன்றாகையால், அது சுருங்கியதால் ப்ரபந்நனுக்குப் பேறு தவறாது. ஆனால் அதுவே பலனாகையால், சுருங்கிய அளவுக்கு இங்கேயே பெறவேண்டியதை அவன் இழக்கிறான். காலையில் கால் நாழிகையேனும் பெருமாள் ஸந்நிதியில் பிள்ளையை அருகே இருத்தி ஸேவிக்கும் தகப்பனார், அந்த இழவில் ஒரு பங்கை மீட்டுக்கொடுத்தவராகிறார்.