பெயர் யாருடையது?

எம்.ஏ. படித்தபோது நண்பர்கள் சேர்ந்து துறைக்காக ஒரு ஜெராக்ஸ் இதழ் நடத்தினோம். ஒருமுறை ஒரு கவிதையை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டோம். தடை என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கவில்லை. 'பேப்பர் காசு யாருது?' என்று மட்டும் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

சிகாகோ பல்கலைக்கழக மாணவர்கள் 1946இல் தொடங்கியது 'சிகாகோ ரிவ்யூ'. உழைப்பு மாணவர்களுடையது, பெயரும் பணமும் பல்கலைக்கழகத்துடையது. 1958இல் இர்விங் ரோசந்தால் ஆசிரியராக இருந்தபோது, எந்தப் பதிப்பகமும் வெளியிட்டிராத வில்லியம் பரோஸின் 'நேக்கட் லஞ்ச்' நாவலின் பகுதிகள் வசந்த, இலையுதிர்கால இதழ்களில் வந்தன. சும்மா விடுவார்களா? அக்டோபரில் 'சிகாகோ டெய்லி நியூஸ்' பத்தியாளர் ஜாக் மேப்லி ஆபாசம் என்று எழுதினார். பத்திரிகையின் பெயரைச் சொல்லாமலே, அறங்காவலர்கள் கவனிக்கட்டும் என்றார். குறி சரியாகவே விழுந்தது.

வேந்தர் லாரன்ஸ் கிம்ப்டனின் நிர்வாகம் இதழை நிறுத்தவில்லை. குளிர்கால இதழ் யாரையும் உறுத்தாததாக இருக்க வேண்டும் என்றது. பரோஸ், கெரோவாக், எட்வர்ட் டால்பர்க் படைப்புகளோடு தயாராக இருந்த இதழ் அது. அதிகாரம் எப்போதும் தடையாணையாக வருவதில்லை. பெரும்பாலும் ஆலோசனையாகவே வருகிறது. ஏழு ஆசிரியர்களில் ஆறு பேர் விலகினார்கள். பெயரை விட்டுவிட்டுப் பிரதிகளைக் கையோடு கொண்டுபோனார்கள். கின்ஸ்பெர்க்கும் கார்சோவும் சிகாகோ வந்து கவிதை வாசித்துப் பணம் திரட்ட உதவினார்கள். 1959 மார்ச்சில் அதே படைப்புகள் 'பிக் டேபிள்' என்ற புதிய இதழாக வந்தன. அஞ்சல் துறை நானூறுக்கும் மேற்பட்ட பிரதிகளை முடக்கியது. 1960இல் நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன் இது ஆபாசமல்ல என்று தீர்ப்பளித்தார். பின்னாளில் 'சிகாகோ செவன்' வழக்கில் எதிர்ப்பாளர்களிடம் கடுமை காட்டிய அதே ஹாஃப்மன்தான். இதற்கிடையே அந்தப் பரபரப்பே பாரிஸின் ஒலிம்பியா பிரஸ்ஸை உசுப்பிவிட, 1959லேயே நாவல் முழுசாக வெளிவந்துவிட்டது.

விலகியவர்கள் வீரர்கள், தங்கியவர் துரோகி என்று முடித்துவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'பிக் டேபிள்' ஐந்து இதழோடு நின்றுபோனது. 'சிகாகோ ரிவ்யூ' தொடர்ந்து வந்தது, மாணவர்கள்தான் நடத்தினார்கள். நிறுவனம் தருவது தொடர்ச்சி. அதற்கு அது கேட்கும் விலை சில சமயம் ஓர் இதழ். சம்பளமில்லாத உழைப்புக்கு உரிமைப் பத்திரம் கிடையாது. ஆனால் சம்பளம் வாங்காதவனை வேலையை விட்டு நீக்கவும் முடியாது, அவன் எழுந்து போகலாம். அந்த ஆறு பேருக்கும் இது தெரிந்திருந்தது.

எங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கவிதைக்கு இன்னொரு மேசை கிடைக்கவில்லை. எழுதியவர் அதற்குப்பின் எங்களிடம் எதையும் தரவில்லை. பக்கத்தை உருவி எடுத்தது நிர்வாகத்தின் கை அல்ல, என் கை.