மின்னஞ்சல் சர்வருக்கு எந்த ‘ரெய்டு’ ஏற்றது?



மதரஸா, கல்வி அறக்கட்டளை, சிறு நிறுவனம் எனத் தங்களுக்கென்று சொந்த மின்னஞ்சல் சர்வர் அமைப்போர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அதன் ஹார்ட் டிஸ்குகளை எந்த முறையில் இணைப்பது என்பதாகும். உதவித்தொகை கேட்டு மாணவர் அனுப்பும் விண்ணப்பமும் வாடிக்கையாளரின் கணக்கு விவரமும் அவற்றில்தான் இருக்கும். நம்மை நம்பி அனுப்பப்பட்டவை அமானிதம் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ரெய்டு என்றால்?

அதிகாரிகள் நடத்தும் ரெய்டு அல்ல! பல டிஸ்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் போல இயங்கச் செய்யும் முறை இது. 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையால் இப்பெயர் பரவியது.

நம்மிடம் 4 டெராபைட் டிஸ்குகள் 4 இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

- ரெய்டு 0: 16 டெராபைட் கிடைக்கும். ஒரு டிஸ்க் பழுதானாலும் எல்லாம் போய்விடும்.
- ரெய்டு 5: 12 டெராபைட். ஒரு டிஸ்க் பழுதைத் தாங்கும்.
- ரெய்டு 6: 8 டெராபைட். எந்த இரண்டு டிஸ்க் பழுதானாலும் தாங்கும்.
- ரெய்டு 10: 8 டெராபைட். டிஸ்குகள் ஜோடி ஜோடியாக ஒரே தகவலை வைத்திருக்கும். ஒரே ஜோடியின் இரண்டும் பழுதானால்தான் இழப்பு.

மின்னஞ்சலுக்கு எது?

மின்னஞ்சல் சர்வர் ஓயாமல் சிறு சிறு கோப்புகளை எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு சிறு தகவலை எழுத ரெய்டு 10-க்கு 2 டிஸ்க் செயல்கள் போதும். ரெய்டு 5-இல் பழைய தகவலையும் அதற்கான ஈட்டுக் கணக்கையும் படித்து, இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். ஆக 4 செயல்கள். ரெய்டு 6-க்கு 6.

பழுதான டிஸ்கை மாற்றும்போதும் வேறுபாடு பெரிது. ரெய்டு 10 அதன் ஜோடியிலிருந்து மட்டும் நகலெடுக்கும். ரெய்டு 5 மீதமுள்ள மூன்றையும், அதாவது 12 டெராபைட்டையும், முழுதாகப் படிக்க வேண்டும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 4 டெராபைட் நிரம்ப 7 மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் இன்னொரு டிஸ்க் பழுதானால் அனைத்தும் போய்விடும்.

எனவே இடம் குறைந்தாலும் ரெய்டு 10-ஐயே நாம் பரிந்துரைக்கிறோம். பயனாளர்கள் சிலரே எனில் இரண்டு டிஸ்குகளை ஒன்றின் நகலாக மற்றொன்றை வைக்கும் ரெய்டு 1 போதுமானது.

கவனிக்க வேண்டியவை

- மாற்று டிஸ்க் ஒன்றைக் கையிருப்பில் வையுங்கள்.
- பழுது எச்சரிக்கை அதே சர்வருக்கு அல்லாமல் வெளி முகவரிக்கு வரட்டும்.
- மின்வெட்டைச் சமாளிக்க யுபிஎஸ் அவசியம்.
- ரெய்டு என்பது பேக்கப் அல்ல. தவறுதலாக அழித்த மடல் எல்லா டிஸ்குகளிலும் அழிந்துவிடும். தினமும் வேறிடத்தில் நகல் எடுங்கள்; அதிலிருந்து மடல்களை மீட்க முடிகிறதா என்றும் அவ்வப்போது சோதியுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். சர்வருக்கும் அதுவே பொருந்தும்.