பிச்சாவரத்து வேர்கள்

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரமும் ஓர் அலையாத்தி மரம்தான். அருகிலுள்ள பிச்சாவரம் காட்டை ஆங்கிலேயர் காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். சுதந்திரத்துக்குப் பின்னும் அது தொடர்ந்தது. வெட்டிய இடத்தில் மண் காய்ந்து பள்ளமானது. அதில் தேங்கிய கடல்நீர் வற்றி உப்பேறியதால் கன்று முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை, கிராம மக்கள் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி, கடல்நீர் வந்துபோக வழி செய்தார்கள். காடு மீண்டது, 2004 சுனாமியில் பின்னாலிருந்த கிராமங்களைக் காத்தது.

வண்டலைப் பிடித்துவைப்பது இந்த வேர்களின் குணம். பாலித்தீன் பையையும் அப்படியே பிடித்துக்கொள்கின்றன. வரவு மட்டும்தான், பற்றே கிடையாது! வெண்கண்டல் மரம் சேற்றுக்கு மேல் குச்சி குச்சியாக நீட்டும் வேர்களால்தான் சுவாசிக்கிறது. பை மூடினால் மூச்சு முட்டும். கால்வாயைக் குப்பை அடைத்தால் பழைய உப்புக் கதை திரும்பும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. ஆனாலும் நம் தெருமுனையில் பை கேட்காமலே கிடைக்கிறது. பிச்சாவரத்துக்கு ஆற்றோடும் குப்பை வரும், படகுச் சவாரி போகிறவர்கள் கையோடும் வரும். சங்கத்தின் அடுத்த சுற்றுலாவுக்குச் சிலர் அந்த ஊரைச் சொல்வதால் இதை எழுதுகிறேன்.