கடல் கடந்த தகப்பனும் கைக்கு வராத நஃபகாவும்

தகப்பன் தன் பிள்ளைக்கு உணவும் உடையும் தர வேண்டும் என்பதில் எந்தச் சமுதாயமும் எந்தச் சட்டமும் கருத்து வேறுபட்டதில்லை. கேள்வி அதற்கு அடுத்த படியில்தான் எழுகிறது. அந்தத் தகப்பன் ஊரில் இல்லை. அல்லது இருந்தும் கொடுக்க மறுக்கிறான். அப்போது அந்தப் பணத்தை யார், எப்படி வாங்கித் தருவது? தீர்ப்பு எழுத ஒரு நாள் போதும். தீர்ப்பில் கண்ட தொகை பிள்ளையின் கலத்தில் சோறாக விழுவதற்குள் ஆண்டுகள் உருண்டோடி விடுகின்றன. இந்த இடைவெளியை ஷரீஅத் அறிஞர்கள் எவ்வாறு கடக்க முயன்றார்கள், நம் நாட்டுச் சட்டங்கள் எவ்வாறு முயன்றன என்பது சுவையும் படிப்பினையும் நிறைந்த ஒரு வரலாறு. வாணிபத்துக்காகக் கப்பலேறிப் பழகிய தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு அது அயலார் கதையன்று.

ஹிந்தாவின் முறையீடு

திருக்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயம் பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிக்கும் பொறுப்பைத் தகப்பன்மீது சுமத்துகிறது. தலாக் அத்தியாயமோ வசதியுள்ளவர் வசதிக்குத் தக்கபடியும், நெருக்கடியில் இருப்பவர் தமக்கு இறைவன் தந்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என அளவுகோலை வகுக்கிறது. கடமை இது, அதை நிறைவேற்றாதவரிடம் என் செய்வது?

அபூசுஃப்யானின் மனைவி ஹிந்தா நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் கணவர் கைச்சிக்கனம் மிக்கவர் என்றும், தமக்கும் பிள்ளைக்கும் போதுமானதைத் தருவதில்லை என்றும் முறையிட்டார். நியாயமான அளவில் உமக்கும் உம் பிள்ளைக்கும் போதியதை அவர் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது அண்ணலார் அளித்த விடையின் கருத்து. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இச்செய்தியை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், எதிர்வாதி முன்னிலையில் இல்லாதபோது தீர்ப்பளிப்பது பற்றிய தலைப்பின் கீழும் கொண்டுவந்து வைத்தார்கள். குடும்பத்தின் உணவுப் பிரச்சினை அங்கே நீதிமன்ற நடைமுறைப் பிரச்சினையாக மாறிவிடுகிறது.

இதிலிருந்து இரு வழிகள் பிரிந்தன. சான்று இருந்தால் இல்லாதவர்மீதும் காஜி தீர்ப்பளிக்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹிந்தாவுக்கு அளித்த விடை மார்க்க விளக்கமே தவிர வழக்கின் தீர்ப்பன்று, அபூசுஃப்யான் அப்போது மக்காவிலேயே இருந்தார் என்பது ஹனஃபீ அறிஞர்களின் வாதம். எதிர்வாதியின் பக்கத்தைக் கேளாமல் தீர்ப்பளிக்கக் கூடாது என்ற அவர்களுடைய கவலையிலும் நியாயம் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கரையோர ஊர்களில் ஷாஃபிஈகளும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீகளும் மிகுந்து வாழும் தமிழகத்தில் இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடக் கூடியதாக இருக்கவில்லை.

படைத்தலைவர்களுக்கு எழுதிய மடல்

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் காலத்தில் படைகள் தொலைதூரம் சென்றன. வீட்டை மறந்துவிட்ட படைவீரர்களைப் பற்றி அவர்கள் தளபதிகளுக்கு மடல் விடுத்தார்கள். மனைவியரைப் பிரிந்திருப்போர் செலவுக்கு அனுப்ப வேண்டும்; இல்லையேல் விடுவிக்க வேண்டும்; விடுவித்தாலும் கடந்துபோன காலத்துக்குரிய செலவை அனுப்பியாக வேண்டும் என்பது அதன் சாரம். இங்கே கவனிக்க வேண்டியது அந்த மடலின் முகவரி. ஊரில் தவிக்கும் பெண்ணிடம், போய்த் தேடிக்கொள் என்று கலீஃபா சொல்லவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்பதை அறிந்த மேலதிகாரியின் தோளில் அந்தச் சுமையை ஏற்றினார்கள்.

அதே உமர் (ரலி) அவர்கள் பால்மறந்த குழந்தைகளுக்கு மட்டும் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கி வந்தார்கள். ஓரிரவு காவல் சுற்றியபோது ஓயாமல் அழும் ஒரு குழந்தையைக் கண்டார்கள். அத்தொகைக்காகவே தாய் அதன் பாலை முன்கூட்டி நிறுத்துகிறாள் என அறிந்து கலங்கி, பிறந்த நாள் முதலே தொகை உண்டு என ஆணையிட்டார்கள். முதலில் பிள்ளையின் பசி, மற்றவை பின்னர் என்ற முறைவைப்பு அங்கே நிலைபெற்றது.

கடன் வாங்க ஓர் அனுமதி

பின்வந்த சட்ட அறிஞர்கள் சந்தித்த சிக்கல் ஒன்று உண்டு. பிள்ளையின் நஃபகா தேவைக்காக உள்ளது. நேற்றைய பசி எப்படியோ கழிந்துவிட்டால் நேற்றைய நஃபகாவும் கழிந்துபோகும் என்பது பொது விதி. ஓடிப்போன தகப்பனுக்கு இதைவிட வாய்ப்பான விதி வேறு வேண்டுமா? பத்தாண்டு கழித்துத் திரும்பி வந்து, அன்றைய தேவைதான் தீர்ந்துவிட்டதே என்று அவன் கையை விரித்துவிடலாம்.

இதற்கு அவர்கள் கண்ட வழி நுட்பமானது. நம் மதரஸாக்களில் ஓதப்படும் ‘மின்ஹாஜ்’ நூலில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அதைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். காஜி தொகையை நிர்ணயித்துவிட்டாலோ, தகப்பன் இல்லாத காரணத்தாலோ மறுத்த காரணத்தாலோ கடன் வாங்க அனுமதி அளித்துவிட்டாலோ அந்த நஃபகா அவன் தலைமீது கடனாக நின்றுவிடும் என்பது அதன் கருத்து. தாய் அந்த அனுமதியோடு அரிசிக் கடைக்காரரிடம் கடன் வாங்குகிறாள். உண்பது பிள்ளை, கடன்காரன் தகப்பன். இனி அவனைத் தேட வேண்டியவள் அவள் ஒருத்தி மட்டுமல்லள், பணம் கொடுத்தவரும்தான்.

ஹனஃபீ அறிஞர்களும் வாயிலை அடைத்துவிடவில்லை. இல்லாதவருடைய பணமோ தானியமோ துணியோ ஒருவரிடம் அமானிதமாகவோ கடனாகவோ இருந்து, அவர் அதையும் உறவையும் ஒப்புக்கொண்டால், காஜி அதிலிருந்து மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் செலவு வழங்கச் செய்வார். முன்பே செலவுத்தொகை பெறவில்லை என மனைவியிடம் சத்தியமும், ஜாமீனும் வாங்கிக்கொள்வார். அப்படிப் பொருள் ஏதும் கிடைக்காதபோது மனைவியின் சான்றை ஏற்றுச் செலவை விதித்துக் கடன் வாங்க அனுமதிக்கலாம் என்றவர் இமாம் ஸுஃபர் (ரஹ்). மக்களின் தேவையை முன்னிட்டு, பிற்கால ஹனஃபீ காஜிகள் அவர் கருத்தையே செயலில் கொண்டார்கள். மூல இமாமின் கருத்தை விட்டு மாணவரின் கருத்தை ஏற்கும் அளவுக்கு, கணவன் விட்டுச்சென்ற வீடுகளின் நிலைமை அவர்களை நெருக்கியது.

ஐம்பது ரூபாய்ச் சட்டம்

ஆங்கிலேயர் ஆட்சியில் காஜியின் அதிகாரம் கரைந்தது. 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜீவனாம்ச விவகாரத்தை மாஜிஸ்திரேட்டிடம் ஒப்படைத்தது. 1872இன் சட்டத்தை வடித்த ஸ்டீபன், மக்கள் ஆதரவற்று அலையும் நிலையைத் தடுப்பதே இதன் நோக்கம் என விளக்கினார். பிள்ளையின் உரிமையைக் காட்டிலும் ஊரின் அமைதியே அங்கு முன்னின்றது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488ஆவது பிரிவு மாதத்துக்கு 50 ரூபாய்க்கு மேல் விதிக்க முடியாது என வரம்பு கட்டியது. 1923இல் அது 100 ஆயிற்று. 1955இல் 500 ஆயிற்று. 1973இன் புதிய சட்டத்தில் 125ஆம் பிரிவாக மாறியபோதும் அதே 500 நீடித்தது. விலைவாசி பன்மடங்கு ஏறிய பின்னர், 2001இல்தான் அந்த வரம்பு நீங்கியது.

ஆயினும் பழைய சட்டத்தில் ஒரு நன்மை இருந்தது. ஓரிடத்தில் பிறப்பித்த ஆணையை, அந்த ஆள் இருக்கும் எந்த இடத்து மாஜிஸ்திரேட்டும் நிறைவேற்றலாம். 1937 ஏப்ரல் வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. ஆகவே தஞ்சை மாவட்டத்துத் தாய் பெற்ற ஆணைக்கு, சட்டப்படி, இரங்கூனிலும் உயிர் இருந்தது. பர்மா பிரிந்த அன்று அதே இரங்கூன் அயல்நாடாகிவிட்டது.

இலங்கை, மலாயா போன்ற பிற ஆட்சிப் பகுதிகளுக்காக 1921இல் ஜீவனாம்ச ஆணைகள் அமலாக்கச் சட்டம் வந்தது. பரஸ்பரம் ஒப்புக்கொண்ட பகுதிகளுக்கு மட்டுமே அது செல்லும். கடலுக்கு அப்பால் உள்ளவன்மீது இங்குள்ள மாஜிஸ்திரேட் தற்காலிக ஆணை ஒன்றைப் பிறப்பிப்பார். சாட்சியங்களோடு அந்தத் தாள் அரசாங்க வழியாக அக்கரை நீதிமன்றம் போய்ச் சேரும். அங்கே அவனை அழைத்து, அவன் தரப்பைக் கேட்டு, உறுதி செய்வார்கள். அல்லது மேலும் சாட்சியம் தேவை எனத் திருப்பி அனுப்புவார்கள். இல்லாதவர்மீது தீர்ப்பளிக்கலாம் என்ற ஷாஃபிஈ கருத்தும், அவரையும் கேட்க வேண்டும் என்ற ஹனஃபீ கவலையும் இந்த ஏற்பாட்டில் அறியாமலே கைகோத்து நிற்கக் காண்கிறோம். ஆனால் கடன் வாங்க அனுமதி மட்டும் அதில் இல்லை. தாள் போய் வரும் காலமெல்லாம் பிள்ளை என்ன உண்ணும் என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

ஜீவனாம்சத்தை அயல்நாட்டிலிருந்து வசூலிக்க 1956இல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. இலங்கையும் பாகிஸ்தானும் அதில் இணைந்தன. இந்தியா இணையவில்லை. 1970களில் தொடங்கி நம் இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்குப் பெருமளவில் புறப்பட்டபோது, 1921இன் சட்டமே நம் கையில் இருந்த கருவி.

சிறையும் கடனும்

உள்நாட்டிலும் வசூல் எளிதாக இல்லை. ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். ஆனால் நிலுவைக்கு ஓராண்டுக்குள் மனுச் செய்யாவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். சம்மனுக்கும் வாரண்டுக்கும் அலைவது தாயின் பொறுப்பு. சிறை சென்றவர் கடன் தீர்ந்தது என வாதிட்டதும் உண்டு. 1989ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது; சிறை என்பது கொடுக்க வைக்கும் வழி, கொடுத்ததற்கு ஈடு அன்று எனத் தெளிவாக்கியது.

1985இன் ஷாபானு தீர்ப்பும் 1986இன் சட்டமும் எழுப்பிய பெரும் விவாதத்தில் பிள்ளைகளின் கேள்வி ஏறக்குறைய மறைந்தே போயிற்று. அச்சட்டத்தில் இரண்டு வயது வரையிலான செலவு பற்றி வந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் தமக்குப் பொறுப்பில்லை எனத் தகப்பன்மார் சிலர் வாதிட்டனர். 1997இல் நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிள்ளையின் உரிமை தனியானது, வயது வரும் வரையில் தகப்பன் பொறுப்பு நீங்காது எனத் தீர்ப்பளித்தது. ஷரீஅத்தின் நிலையும் அதுவே எனச் சுட்டியது. 2020இல் அதே மன்றம் வருமானத்தையும் சொத்தையும் சத்தியப் பிரமாணத்தில் காட்ட வேண்டும் என்றும், மனுச் செய்த நாளிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்றும் பணித்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் இந்த உரிமை 144ஆம் பிரிவாக இருக்கிறது. பிரிவின் எண் மாறிவிட்டது. வாசலில் காத்து நிற்பவள் தாய்தான்.

இலங்கையில் 1951இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதி நீதிமன்றமே பிள்ளைத் தாபரிப்பை விதிக்கிறது. கொடுக்காதவரிடம் வசூலிக்க மாஜிஸ்திரேட்டிடம்தான் செல்ல வேண்டும். அவர் அதை அபராதம் போல வசூலிப்பார். தீர்ப்பவர் ஒருவர், வசூலிப்பவர் இன்னொருவர் என்றாகும்போது தாயின் நடை இரட்டிப்பாகிறது.

எகிப்து காட்டிய வழி

பழைய ஃபிக்ஹின் நுட்பத்தை நிறுவனமாக ஆக்கிக் காட்டியது எகிப்து. 1976இன் சட்டப்படி, நீதிமன்றம் விதித்த நஃபகாவை நாசர் சமூக வங்கி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுத் தகப்பனிடம் வசூலிக்கும் பொறுப்பை ஏற்றது. 2004இல் இதற்கென்று குடும்பக் காப்பீட்டு நிதியும் அமைந்தது. காஜியின் அனுமதியோடு தாய் கடைக்காரரிடம் கடன் வாங்கிய ஏற்பாடேதான் இது. கடைக்காரர் இருந்த இடத்தில் இப்போது வங்கி இருக்கிறது. கடனாளியைத் துரத்துவதற்குத் தாயைவிட வங்கிக்குக் கால்கள் அதிகம்.

நம் நாட்டிலும் இதன் சாயல் இல்லாமல் இல்லை. ஆதரவற்ற மணவிலக்குப் பெற்ற பெண், உறவினர் ஒவ்வொருவர் வாசலிலும் ஏறி இறங்கிய பிறகுதான் வக்ஃபு வாரியத்திடம் வர வேண்டும் என்பதில்லை எனத் தமிழ்நாடு வக்ஃபு வாரிய வழக்கொன்றில் 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வழி பெண்ணுக்கு உரியது. தகப்பன் கைவிட்ட பிள்ளைக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் வசூலிக்கும் ஏற்பாடு இன்னும் அமையவில்லை.

அதை அரசு அமைக்கும் வரையில் மஹல்லாக்கள் காத்திருக்க வேண்டுமா? பயணம் போகும் மாப்பிள்ளையின் வேலையிட முகவரி ஜமாஅத்தின் ஏட்டில் இருக்கலாம். பிள்ளைக்கு மாதந்தோறும் கொடுத்ததைக் கடனாக எழுதி வைத்து, வெளியூரிலுள்ள நம் சங்கங்களின் மூலம் கேட்டு வாங்கும் ஒரு நிதி இருக்கலாம். தளபதிகளுக்கு மடல் எழுதிய கலீஃபாவும், கடன் வாங்க அனுமதித்த காஜிகளும் இதைத்தான் செய்தார்கள். தேடும் வேலையை வலியவர்கள் ஏற்றுக்கொண்டால், பிள்ளை அன்றன்றைய சோற்றை அன்றன்றே உண்ணும்.