பித்தருக்கு வீடு தந்த ஊர்

சித்தம் கலங்கி வீதியில் திரியும் ஒருவனைக் கண்டால் நாம் செய்வது யாது? சிறுவர் கல்லெறிவர், பெரியோர் விலகி நடப்பர், உறவினரோ பேயென்றும் சூனியமென்றும் சொல்லி அவனை ஏதேனுமொரு புண்ணியத் தலத்திற்கு இழுத்துச் செல்வர். இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று, ஐரோப்பாவிலும் இருந்தது. ஆயினும், அங்கே ஓர் ஊர் அவ்வழக்கத்தினின்றே ஒரு நல்வழியைக் கண்டது.

பெல்ஜியம் நாட்டிலுள்ள கேல் என்பது அவ்வூர். அயர்லாந்து அரசகுமாரி டிம்ப்னா என்பாள், மதிமயங்கிய தன் தந்தைக்கு அஞ்சி ஓடிவந்து, அவ்வூரில் அவன் கையாலேயே மாண்டாள் என்பது பழங்கதை. அவள் பெயரால் எழுந்த கோயிலுக்கு நாற்றிசையினின்றும் பித்தர்களைக் கொணர்ந்தனர். ஒன்பது நாள் வழிபாடு நடைபெறும். வந்தோர் தொகை பெருகவே, கோயிலை அடுத்த அறை போதாதாயிற்று; ஊரார் தம் வீடுகளில் இடமளித்தனர். வழிபாடு முடிந்தும் தெளியாதவர் பலர் அவ்வீடுகளிலேயே தங்கினர். குடியானவனோடு ஒரே மேசையில் உண்டனர். வயலிலும் தொழுவத்திலும் இயன்ற வேலை செய்தனர். சடங்கு தராத அமைதியைக் குடும்ப வாழ்வு தந்தது.

கருணை ஒன்றே போதுமோ? போதாது. 1821-இல் பிரெஞ்சு வைத்தியர் எஸ்கிரோல் அவ்வூருக்குச் சென்றபோது, விலங்கு பூண்ட பித்தர்களையும் அங்கே கண்டார். 1850-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே அரசாங்கம் பொறுப்பேற்றது. வைத்தியர் மேற்பார்வை ஏற்பட்டது. 1862-இல் மருத்துவமனையும் திறக்கப்பட்டது. 1938-இல் 3,700-க்கு மேற்பட்டோர் அவ்வூர்க் குடும்பங்களில் வாழ்ந்தனர். இந்நாளில் தொகை மிகக் குறைந்திருப்பினும், அவ்வழக்கம் மறையவில்லை.

இனித் தமிழகத்தை நோக்குவோம். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியும் பித்தம் தெளிய மக்கள் நாடிவரும் தலமே. அங்கும் காசு பெற்றுக்கொண்டு பித்தர்களை வைத்திருந்த விடுதிகள் பல இருந்தன. ஆனால் அங்கே மேசை இல்லை, சங்கிலி இருந்தது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. கட்டுண்டவர் எங்ஙனம் ஓடுவர்? 28 உயிர்கள் மாண்டன. அதன் பின்னரே அவ்விடுதிகள் மூடப்பட்டன. தலம் என்னும் அளவில் இரண்டும் ஒன்றே. இல்லமும் அரசின் மேற்பார்வையும் ஓரிடத்தில் இருந்தன, மற்றோரிடத்தில் இல்லை. வேற்றுமை அவ்வளவே!

நம்மவரால் இயலாதெனச் சொல்லற்க. 1993-இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்னும் இரு பெண்கள், வீதியில் விடப்பட்ட மனநோயுற்ற மாதர்க்காக 'பேன்யன்' என்னும் நிலையத்தை நிறுவினர். நோய் தணிந்த பின்னும் செல்ல வீடில்லாதவர் பலர் என்பதை அவர்கள் கண்டனர். அன்னோர்க்காக 2015 முதல் ஊர் நடுவே சாதாரண வீடுகளை வாடகைக்கு எடுத்து, நால்வர் ஐவராகக் குடியமர்த்தி, துணைக்கு ஒரு பணியாளரையும் வைத்தனர். அவர்கள் கடைக்குச் செல்கின்றனர், சமைக்கின்றனர், அண்டை வீட்டாரோடு அளவளாவுகின்றனர்.

அன்பர்களே! மருந்து நோயைத் தணிக்கும். ஆனால் தணிந்த நோயாளி மறுநாள் கடைத்திண்ணையில் படுத்தால் அம்மருந்தால் பயன் என்ன? நம் லயத்திலும் தெருவிலும் அத்தகையோர் ஒருவர் குடிவர நேரின், கதவைச் சாத்தாதிருப்போமா? அதுவே நமது பகுத்தறிவுக்கு உரைகல்.